மலைக்குளிரில் தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது: என்ன செய்கிறீர்கள்?

மதுரைமல்லி
டிசம்பர் 9, இரவு 9.15

வேலை மாற்றலில் மதுரையிலிருந்து ஊட்டிக்கு வந்திருக்கிறோம். அம்மாவும் என்னுடன்தான் இருக்கிறார். வயது 68. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மதுரையில் காலையில் மண்பானையை நிரப்பி வைத்தால் சாயங்காலத்துக்குள் பாதியை அவரே காலி செய்துவிடுவார். இங்கே குளிர் இறங்கியதிலிருந்து மாத்திரை விழுங்க அரை டம்ளர், சாப்பாட்டோடு ஒரு டம்ளர், அவ்வளவுதான். காப்பியை மட்டும் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மலச்சிக்கல், மதியமானால் தலைவலி, நாற்காலியை விட்டு எழுந்தால் ஒரு கணம் கண்ணைக் கட்டுகிறது. சிறுநீர் போகும்போது எரிச்சல் வேறு. மருத்துவரிடம் காட்டினோம். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். சொல்வதற்கா ஆளில்லை? நான் சொல்லாத நாளில்லை. "தாகம் எடுத்தால் குடிக்க மாட்டேனா?" என்கிறார் அம்மா. இதற்கு என்ன பதில் சொல்வது?

மலையில் பல ஆண்டுகளாக இருப்பவர்கள், வெளிநாட்டுக் குளிரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சராசரி
டிசம்பர் 9, இரவு 10.02

அம்மா கேட்பது சரியான கேள்வி. நாளுக்கு எட்டு டம்ளர் என்ற கட்டளையை யார் போட்டார்கள் என்று தேடிப்போனால் ஆள் அகப்பட மாட்டார். 1945இல் அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்று சொன்னது. அதற்கு அடுத்த வரியிலேயே, இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் சொன்னது. முதல் வரி ஊரெல்லாம் பரவியது, அடுத்த வரியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக நிபுணர் 2002இல் இதைக் குடைந்து பார்த்து, எட்டு டம்ளருக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் அகப்படவில்லை என்று எழுதிவிட்டார்.

குளிரில் வியர்வை இல்லை, தேவையும் குறைவு. தாகத்துக்குக் குடித்தால் போதும். வயதானவர்களைத் தண்ணீர் தண்ணீர் என்று துரத்த வேண்டாம்.

இரவுப்பணி
டிசம்பர் 10, காலை 7.30

இரவு வேலை முடித்து வந்து படிக்கிறேன். நான் செவிலி. குளிர்காலத்தில் எங்கள் வார்டில் படுக்கை நிறைவது முதியவர்களால்தான். அவர்களில் பலர் "தாகமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே நாக்கு வறண்டு வந்து சேர்கிறார்கள்.

எட்டு டம்ளர் கதையில் சராசரி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். தாகத்தை நம்பலாம் என்பதைத்தான் ஏற்க முடியாது. குளிர் பட்டவுடன் தோலுக்கு அடியில் இருக்கும் நாளங்கள் சுருங்குகின்றன. கை கால்களுக்குப் போக வேண்டிய இரத்தம் நெஞ்சுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் கூடுகிறது. உடலில் நீர் நிறைய இருப்பதாக மூளை ஏமாந்துபோகிறது. அதனால் இரண்டு காரியம் நடக்கிறது: தாக உணர்வு மங்குகிறது, நீரைத் தேக்கி வைக்கச் சொல்லும் வாசோபிரெசின் என்ற சுரப்பு குறைவதால் சிறுநீரகம் நீரைத் திறந்துவிடுகிறது. குளிரில் அடிக்கடி சிறுநீர் வருவது அதனால்தான். 2004இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். உடலில் நீர் குறைந்திருந்தபோதும் குளிரில் தாகம் 40 சதவீதம் வரை மங்கியிருந்தது. சோதனைக்கு வந்தவர்கள் திடகாத்திரமான இளைஞர்கள்.

இனி வயதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1984இல் ஆக்ஸ்ஃபோர்டில் 67 முதல் 75 வயது வரையிலான ஆரோக்கியமான ஆண்களை 24 மணி நேரம் தண்ணீரில்லாமல் வைத்துப் பார்த்தார்கள். இளைஞர்கள் தவித்துப்போய்க் குடித்தார்கள். பெரியவர்களுக்குத் தாகமும் குறைவாக இருந்தது, தண்ணீர் கொடுத்தபோது குடித்ததும் குறைவு. ஆகவே மதுரைமல்லி, அம்மா பொய் சொல்லவில்லை. தாகம் எடுக்கவில்லை என்பது உண்மைதான். அதை வைத்துத் தேவையை அளக்கக் கூடாது.

எரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தண்ணீர்க் கணக்கில் விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்குத் தொற்று எளிதில் வரும். இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்திருக்கிறதா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை மாத்திரைகளிலும் சிறுநீரைக் கூட்டும் வகை ஒன்று இருக்கிறது.

சராசரி
டிசம்பர் 10, காலை 11.20

செவிலி அம்மா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் குளிர்க்காற்று உடலை உறிஞ்சிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துவதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 டிகிரி குளிரில் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 7 கிராம் நீராவிதான் இருக்க முடியும். மதுரையில் 30 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்தால் 20 கிராம். நாம் வெளியே விடும் மூச்சில் 35 கிராம் போகிறது. ஓய்வாக இருப்பவர் ஒரு நாளில் இழுத்து விடும் காற்று 10, 11 கன மீட்டர். ஆக மூச்சு வழியாகப் போகும் நீர் மதுரையில் சுமார் 150 மில்லி, ஊட்டியில் சுமார் 300 மில்லி. வித்தியாசம் ஒரு டம்ளர்கூட இல்லை. மதுரையின் வியர்வை ஒரே மதியத்தில் இதைத் தாண்டிவிடும்.

ஊட்டியில் ஒருவருக்குத் தேவைப்படும் தண்ணீர் மதுரையைவிடக் குறைவு என்பதில் மாற்றமில்லை.

இரவுப்பணி
டிசம்பர் 10, மதியம் 12.05

கணக்கு சரி. தேவை குறைகிறது, குடிப்பது அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. வம்பு அங்கேதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் மிதமான தட்பவெப்பத்துக்கு என்று சொன்ன அளவு பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர், சாப்பாட்டில் இருக்கும் நீரும் அதற்குள் அடக்கம். சாப்பாட்டில் அரை லிட்டர் போனால் அம்மா குடிக்க வேண்டியது ஒன்றரை லிட்டர். இப்போது காப்பியையும் சேர்த்து அதில் பாதியாவது குடிக்கிறாரா என்று பாருங்கள்.

பனிமலை ஹவில்தார்
டிசம்பர் 10, மாலை 6.40

லே, சியாச்சின் இரண்டிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அங்கே தாகத்தைக் கேட்டுக் குடிப்பவன் இரண்டாம் நாள் படுத்துவிடுவான். குடிப்பதும் கட்டளைதான். மேலே குழாயும் கிடையாது, ஊற்றும் கிடையாது. மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றிப் பனியை உருக்க வேண்டும். புதிதாக விழுந்த பனி பெரும்பாலும் காற்றுதான். பத்து லிட்டர் பாத்திரம் நிறைய அள்ளிப்போட்டால் அடியில் ஒரு லிட்டர் தண்ணீர் தேறும். எரிபொருளைச் சுமந்து வருவதும் நாங்களே. அதனால் தண்ணீரின் விலை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

புதிதாக வரும் பையன்கள் பனியை அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். அதட்டி நிறுத்துவோம். ஒரு கிலோ பனி உருகவே 80 கிலோ கலோரி வேண்டும். உடல் சூட்டுக்கு வர இன்னும் 37. அவ்வளவும் நம் உடம்பிலிருந்துதான் போக வேண்டும். இருக்கிற சூட்டையும் விற்றுத் தண்ணீர் வாங்கும் வியாபாரம் அது.

லே சுமார் 3,500 மீட்டர் உயரம். சுற்றுலா போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தண்ணீர் நிறையக் குடித்தால் மலைநோய் வராது என்று சிலர் நம்பிக் குடம் குடமாகக் குடிக்கிறார்கள். அது தவறு. உயரத்துக்கு உடல் பழக நாள் கொடுக்க வேண்டும், அதற்குத் தண்ணீர் மாற்று ஆகாது.

அம்மாவுக்கு ஒரு நல்ல பிளாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் சூடாக இருந்தால்தான் குளிரில் மனிதன் குடிப்பான்.

வன்னிப்பூ
டிசம்பர் 11, அதிகாலை 4.25

நான் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது டொராண்டோவில். எங்களுக்கு வெளிக்குளிரைவிட வீட்டுச் சூடுதான் எதிரி. வெளியே மைனஸ் 10 என்றால் அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2 கிராம் ஈரம்தான் இருக்கும். அதையே உள்ளே 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சமைப்பதாலும் குளிப்பதாலும் கொஞ்சம் ஏறும். மூக்கு வறண்டு இரத்தம் கசிவதும், காலையில் தொண்டை ஒட்டிக்கொள்வதும் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஈரப்பதமூட்டி வைத்து 30 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம். அதற்கு மேலே கூட்டினால் ஜன்னலில் நீர் கட்டிப் பூஞ்சணம் பிடிக்கும்.

அம்மம்மா இருந்த காலத்தில் கொத்தமல்லி அவித்து ஒரு கெட்டில் நிறைய வைத்துவிடுவார். தடிமன் (சளி) வந்தாலும் வராவிட்டாலும் போகிற வழியில் எல்லோரும் ஒரு கோப்பை குடிக்க வேண்டும். தண்ணீர் குடி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குள் மருந்து இருக்கிறதோ இல்லையோ, நாளுக்கு ஒரு லிட்டர் சுடுதண்ணீர் எங்கள் வயிற்றுக்குள் போனது. தங்கச்சி, அம்மாவிடமும் இப்படிப் பேச்சில்லாமல் செய்து பாருங்கள்.

தேயிலைத்தூறல்
டிசம்பர் 11, காலை 8.10

குன்னூர்க்காரன். தேயிலைத் தோட்டத்தில் கள அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். தாகம், சுரப்பு, காற்றின் ஈரம் எல்லாம் படித்தேன், நன்றாக இருக்கிறது. ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அம்மணி, நீங்கள் குடியிருக்கும் வீட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, கிளம்பும்போது ஒரு டம்ளர் சாயத்தண்ணீர் (பாலில்லாத தேநீர்) குடிப்பார்கள். பிறகு மதியம் வரை ஒன்றும் இல்லை. வெயில் காலத்திலும் அப்படித்தான், குளிரில் இன்னும் மோசம். அவர்களுக்குத் தாகம் எடுக்காமல் இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். மலைச்சரிவில் செடிக்கு நடுவில் எங்கே ஒதுங்குவது? ஆண்கள் நிற்கிறார்கள், அட்டை, பாம்பு, இப்போது காட்டெருமை வேறு. குடிநீரும் கழிப்பறையும் கொடுக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. கழிப்பறை கட்டினாலும் அது தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும், பறிக்கும் இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நடந்து போய் வருவதற்குள் பறிக்கும் கொழுந்தின் எடை குறைந்துவிடும், எடை குறைந்தால் கூலி குறையும். "தண்ணீர் குடியுங்கள்" என்று முகாம் போட்டுச் சொல்லிவிட்டுப் போன மருத்துவர்களைப் பார்த்து அந்தப் பெண்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

மதுரைமல்லி
டிசம்பர் 11, இரவு 8.50

ஐயா, பழைய காலத்து வாடகை வீடு. கழிப்பறை பின்கட்டில், முற்றத்தைத் தாண்டி. இரவில் கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் அறையும், தரையில் கால் வைக்க முடியாது. உங்கள் பதிவைப் படித்துவிட்டு அம்மாவிடம் நேராகவே கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம், "ராத்திரி மூன்று தடவை எழுந்து அந்த இருட்டில் போகச் சொல்கிறாயா? விழுந்து இடுப்பு உடைந்தால் நீயா லீவு போட்டுப் பார்ப்பாய்?" என்றார். மதியம் மூன்று மணிக்கு மேல் வேண்டுமென்றே குடிப்பதில்லையாம். பகலிலும் அந்த ஈரத் தரைக்குப் போக அலுப்பாக இருக்கிறதாம்.

கல்லடிபட்டவன்
டிசம்பர் 11, இரவு 9.30

கொடைக்கானலில் கடை வைத்திருக்கிறேன். என் பெயரைப் பார்த்தாலே வியாதி தெரியும். சிறுநீரகக் கல் வெயில் ஊர்க்காரர்களுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் தனியாள். கல்லாவை விட்டுப் போக முடியாது என்று குடிக்காமலே உட்கார்ந்திருப்பேன். வலி வந்த இரவை விவரிக்கப் போவதில்லை, வந்தவர்களுக்குத் தெரியும்.

மருத்துவர் எனக்குக் குடிக்கும் அளவைச் சொல்லவில்லை, போகும் அளவைச் சொன்னார். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும், அதற்கு எவ்வளவு குடிப்பாயோ குடி என்றார். இத்தாலியில் 1996இல் வந்த ஆய்வையும் சொன்னார். முதல் தடவை கல் வந்தவர்கள் 199 பேரை இரண்டு பிரிவாக்கி ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். 2 லிட்டர் சிறுநீர் போகும்படி குடித்தவர்களில் 12 பேருக்கு மறுபடி வந்தது. வழக்கம்போல இருந்தவர்களில் 27 பேருக்கு. மருந்தில்லாமல், செலவில்லாமல் பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. அதன் பிறகு பக்கத்துக் கடைப் பையனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் போய் வருகிறேன்.

மூலிகைச்சாறு
டிசம்பர் 12, காலை 6.15

குளிரில் பச்சைத் தண்ணீர் குடித்தால் கபம் கட்டும். முன்னோர்கள் தெரியாமலா சுக்கும் மிளகும் வைத்தார்கள்? சுக்கு மல்லிக் காப்பி கருப்பட்டி போட்டு மூன்று வேளை கொடுங்கள், மாத்திரையே தேவைப்படாது.

இரவுப்பணி
டிசம்பர் 12, காலை 7.45

சுக்கு மல்லிக்கு நானும் ஆள்தான். ஆனால் சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், மூன்று வேளை போட்டால் அளவு ஏறும். ஏறிய சர்க்கரை சிறுநீரையும் கூட்டிக்கொண்டு போகும். நாம் ஊற்றும் தண்ணீர் அந்தப் பக்கமாக வெளியேறிவிடும். கருப்பட்டி இல்லாமல் கொடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் யோசனை யாரிடமிருந்து வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சளி, கிருமியால் வருவது. ஆறிய தண்ணீரால் வருவதில்லை. இருந்தாலும் சூடாகக் கொடுத்தால் குடிப்பார் என்றால் சூடாகவே கொடுங்கள், அதில் சண்டை வேண்டாம்.

காப்பி நீரை வற்ற வைக்கும் என்று யாராவது சொல்வதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். 2014இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் காப்பிப் பழக்கம் உள்ள 50 ஆண்களுக்கு நாளுக்கு நாலு கோப்பை காப்பி கொடுத்தும், அதே அளவு தண்ணீர் கொடுத்தும் ஒப்பிட்டார்கள். உடலின் நீர் நிலையில் வித்தியாசம் தெரியவில்லை. காப்பியும் கணக்கில் சேரும். தூக்கத்தைக் கெடுக்காமல் மதியத்தோடு நிறுத்திக்கொண்டால் சரி.

இப்போது கழிப்பறை. தேயிலைத்தூறல் ஐயா கேட்ட கேள்வியை ஒவ்வொரு மருத்துவமனையிலும் சீட்டு எழுதும் முன் கேட்க வேண்டும். அம்மாவுக்கு இரவில் விழுந்துவிடுவோம் என்ற பயம் நியாயமானது. படுக்கைக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி ஒன்று போடுங்கள், மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். குடிக்க வேண்டியதில் முக்கால் பங்கை மாலை ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள். எழுந்தவுடன் பெரிய டம்ளர் வெந்நீர், பதினொரு மணிக்கு ஒன்று, சாப்பாட்டில் ரசத்தைக் குடிக்கக் கொடுங்கள். பகலெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் கால்களில் நீர் இறங்கித் தேங்கும். இரவில் படுத்ததும் அது மேலே ஏறிச் சிறுநீராகும். சாயங்காலம் கொஞ்சநேரம் காலை உயர்த்தி வைத்திருந்தால் இரவில் எழும் தடவை குறையும். சிறுநீர் பிரிக்கும் மருந்து இருந்தால் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

பட்டாம்பூச்சி22
டிசம்பர் 12, மதியம் 1.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வயது 22, குளிர் வந்தால் உதடும் குதிகாலும் வெடிக்கின்றன. நாளுக்கு நாலு லிட்டர் குடிக்கிறேன், தோலில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் கூட்ட வேண்டுமா?

இரவுப்பணி
டிசம்பர் 12, மதியம் 2.10

வேண்டாம். குளிர்காலத்தில் தோல் வறள்வது வெளியிலிருந்து. காற்றில் ஈரம் குறைவு, வெந்நீரும் சோப்பும் தோலின் எண்ணெயைக் கழுவிவிடுகின்றன. குளித்துத் துவட்டிய ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். நாலு லிட்டர் உங்களைக் கழிப்பறைக்கு அனுப்பும், குதிகாலுக்குப் போகாது. ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்தும்கூட, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

சராசரி
டிசம்பர் 12, மாலை 5.00

சிறுநீரின் நிறத்தைப் பார்த்தால் போதும் என்கிறார்களே, அது நம்பத் தகுந்ததா?

இரவுப்பணி
டிசம்பர் 12, மாலை 6.20

உங்கள் வயதில் நம்பலாம். வெளிர் மஞ்சள் என்றால் சரி, அடர்ந்த மஞ்சள் என்றால் குடிக்க வேண்டும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் எவ்வளவு குடித்தாலும் பளீர் மஞ்சளாகத்தான் போகும், பயப்பட வேண்டாம். முதியவர்களிடம் நிறமும் சரி, தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் சரி, ஏமாற்றும். எழும்போது கிறக்கம், வழக்கத்துக்கு மாறான குழப்பம், சோர்வு இவற்றைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் இரத்தப் பரிசோதனைதான்.

மதுரைமல்லி
டிசம்பர் 17, இரவு 9.05

பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். அழுத்த மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்துதான் இருக்கிறது. இரவில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் காலைக்கு மாற்றியிருக்கிறார் மருத்துவர். நாற்காலி வந்துவிட்டது. முதல் நாள் "நான் என்ன படுத்த படுக்கையா?" என்று முறைத்தார். மறுநாள் இரவு மழை. அதன் பிறகு முறைப்பு இல்லை. மாலையில் பிளாஸ்க்கில் சீரகத் தண்ணீர் வைக்கிறேன், காலையில் பாதி மிச்சம் இருக்கிறது. முழுதும் காலியாகும் என்ற ஆசையை விட்டுவிட்டேன். தலைவலி குறைந்திருக்கிறது, மலச்சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

தேயிலைத்தூறல்
டிசம்பர் 18, காலை 7.55

மலச்சிக்கலுக்குக் கீரையும் கொய்யாவும் கொடுத்து, வெயில் வந்ததும் நடக்க விடுங்கள் அம்மணி. இன்னொன்று: குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். அந்தப் புகைக்கு மணமும் நிறமும் இல்லாத நஞ்சு உண்டு. சுற்றுலா வந்தவர்கள் அப்படிப் போய்ச் சேர்ந்ததை இந்த மலையில் பார்த்திருக்கிறோம்.

ஏற்காட்டு மிளகு
டிசம்பர் 20, இரவு 8.30

தாமதமாகப் படிக்கிறேன். என் அப்பாவுக்கு இதயம் பலவீனம். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். குளிரில் சிறுநீர் அதிகம் போகிறது என்கிறீர்களே, அப்படியானால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாமா?

இரவுப்பணி
டிசம்பர் 21, காலை 7.40

கூட்டாதீர்கள். இங்கே எழுதிய எதுவும் அவருக்குப் பொருந்தாது. ரசம், கஞ்சி, காப்பி, மோர் எல்லாமே அந்த ஒன்றரை லிட்டருக்குள் வர வேண்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே எடை இயந்திரத்தில் நிற்க வைத்துக் குறித்து வாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். எடை இறங்கிக்கொண்டே போய்க் கிறக்கம் வந்தாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். அளவை அவர் மாற்றுவார்.